டெம்பரவரி

"டெம்பரவரி எறங்கு! டெம்பரவரி!"
இன்றைக்கும் நடத்துநர் இப்படித்தான் கத்துகிறார்.
இறங்கிப் பார்த்தால் ஒரு டயர் கடை,
லாரி நிற்க ஒரு திடல்,
தள்ளி, சாம்பல் கரைந்த கொசஸ்தலை ஆறு.
பாலம் இல்லை.

அந்த ஐப்பசியில்
பழைய பாலத்தின் நடுக்கால்கள் மூன்றும்
ஓரிரவில் போயின.
விடிந்தபோது தண்டவாளம் மட்டும்
கொடிக்கயிறு மாதிரி தொங்கியது,
அதன்மேல் ஒரு கொக்கு.

ஆறு மாதத்துக்கு என்றார்கள்.
சண்டைக்கென்று செய்து
சண்டை முடிந்தபின் வந்து சேர்ந்த இரும்புச் சட்டங்கள்
துறைமுகத்தில் கிடந்தன.
ஒவ்வொன்றிலும் எண் குத்தியிருந்தது.
முப்பத்தேழாம் எண் வரவேயில்லை.
அந்த இடத்தில் பனங்கட்டை வைத்தார்கள்.
நடுவே தண்டவாளம், ஒட்டிப் பலகை.
ரயிலும் மாடும் ஒரே வழியில்,
முறை வைத்து.

தென்கரை கேட் நான்.
வடகரையில் ஏசுபாதம்.
இருவருக்கும் பொதுவாக ஒரு பித்தளை வளையம்,
வளையம் எந்தக் கரையிலோ
அந்தக் கரைக்கு வழி.
நாளைக்கு நாலு தடவை கரி ரயில்.
மற்ற நேரம் உப்பு வண்டி, சைக்கிள், பள்ளிப் பிள்ளைகள், பிணம்.
பிணம் வந்தால் ரயில் நிற்கும்.
அது எந்த விதியிலும் இல்லை.

நானும் தற்காலிகம்தான்.
எண்பத்தொன்பதாம் நாள் பெயரை அடித்துவிட்டு
ஒரு நாள் விட்டு மறுபடி எழுதுவார்கள்.
அந்த ஒரு நாள் கேட்டை யார் பார்த்தது என்கிறீர்களா?
நான்தான். கூலி இல்லாமல்.

ஒரு மழை மாலை
குப்புலட்சுமியின் மீன்பாடி வண்டி
தண்டவாளச் சந்தில் முன்சக்கரத்தை விட்டுக்கொண்டது.
வளையம் என் கையில் இருப்பதாக ஏசுபாதம் நினைத்தான்,
அவன் கையில் இருப்பதாக நான்.
அது நனையாமல் இருக்கட்டும் என்று
அவன் சாப்பாட்டுப் பைக்குள் இருந்தது.
ரயில் பாலத்தில் ஏறிவிட்டது.

கூப்பிடு தூரத்தில் மூச்சிரைத்து நின்றது எஞ்சின்.
டிரைவர் இறங்கி வந்தார், பின்னால் கரி அள்ளுகிறவன்,
நான், அவள்.
நாலு பேர் தூக்கியதில் சக்கரம் வந்தது.
கூடை சரிந்து
இறால் எல்லாம் பலகைச் சந்து வழியே
ஆற்றுக்கே திரும்பிப் போனது.
அவள் எங்களைத் திட்டவில்லை.
பாலத்தைக் காலால் உதைத்து,
"ஆறு மாசமாம் ஆறு மாசம்!
எந்த வருசத்து ஆறு மாசம்டா இது?"
அப்போது பதினோராம் வருடம்.

இரவு பதிவேட்டில் எழுதினேன்:
நிகழ்வு ஏதுமில்லை.
ஏசுபாதமும் அதையே எழுதியிருந்தான்.
நாங்கள் பேசி வைத்துக்கொள்ளவில்லை.

இருபத்தாறு வருடம் கழித்துப் பிரித்தார்கள்.
இரும்பு எடைக்குப் போனது.
பனங்கட்டைக்குக் கணக்கில் இடமில்லாததால்
கரையிலேயே போட்டுவிட்டார்கள்.
கேட்டேன். மனு கொடு என்றார்கள்.
கொடுத்தேன்.
பதில் வருவதற்குள் யாரோ அடுப்பெரித்துவிட்டார்கள்.

இப்போது ரயிலுக்கொன்று, பஸ்ஸுக்கொன்று,
இரண்டு பாலம்.
இரண்டிலும் கல்வெட்டு, அதில் பெயர்கள்.
பஸ்ஸில் போகும்போது
நடு ஆற்றில் என் கை தானாக எழுந்து
சட்டைப் பையைத் தடவும்,
வளையம் வாங்காமலே
இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்று.