பதினோரு சுற்று

துர்க்கு நகரம். பிப்ரவரி. மூன்றாம் மாடி.
உர்ப்போ கெத்துனென், ஐம்பத்தெட்டு வயது,
கப்பல் தளத்தில் வெல்டர்,
கையுறைகளைக் கழற்றி ஹீட்டர் மேல் வைக்கிறார்.
ஈரக் கம்பளியின் வாடை
எங்கள் நடுவே மூன்றாவது ஆளாக உட்காருகிறது.

படிவம் என் மடியில்.
தன்னைத் தானே கவனிக்கும் திறன் உண்டா?
ஏமாற்றத்தைத் தாங்குவாரா?
யாரையாவது, ஒரே ஒருவரையாவது,
முழுசாக நம்பியதுண்டா?
நல்ல கேள்விகள்தான். இரண்டு நானே சேர்த்தவை.
கேட்கத்தான் வாய் வரவில்லை.

"நான் பேசுகிற ஆள் இல்லை" என்றார்.
நாற்பது நிமிடம் அதை நிரூபித்தார்.
பிறகு எழுந்து, கதவுப் பிடியிடம் சொல்வதுபோல்:
"தளத்துக்கு முந்தைய ரவுண்டானாவில்
வண்டி திரும்ப மாட்டேன் என்கிறது.
சுற்றிக்கொண்டே இருக்கிறேன்.
போன செவ்வாய் பதினோரு சுற்று."

பன்னிரண்டாவது?

"பெட்ரோல் விளக்கு எரிந்தது. வீட்டுக்குப் போய்விட்டேன்."

இந்த இடத்தில் நாங்கள் ஒரு வாக்கியம் கொடுத்துப் பார்ப்போம்,
ஊசிக்கு முன் தோலில் ஒரு சொட்டு விட்டு
தடிக்கிறதா என்று பார்ப்பதுபோல.
"அங்கே இனி நீங்கள் தேவையில்லை
என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயமா?"
வாங்கிக்கொள்ளவில்லை. தள்ளவுமில்லை.
கையுறை காய்ந்துவிட்டதா என்று தொட்டுப் பார்த்தார்.
போனார். காயவில்லை.

எழுதினேன்: உள்நோக்கு குறைவு. அநேகமாகப் பொருந்தாது.
மாலைக் கூட்டத்தில் ஐலா
தூக்க மாத்திரை, ஆறு வாரம், பிறகு பார்க்கலாம் என்றாள்.
தலையாட்டினேன்.
பென்சிலில்தான் எழுதியிருந்தேன், நல்லவேளை.

அடுத்த வியாழன்
கோட்டுப் பொத்தானைக்கூடக் கழற்றாமல்,
"நீங்கள் சொன்னது தப்பு" என்றார்.
"வாரம் முழுக்க யோசித்தேன். வேலை இல்லை அது.
ரவுண்டானாவில் இரண்டாவது சாலை தளத்துக்கு.
மூன்றாவது, அப்பா இருக்கும் இல்லத்துக்கு.
ஆகஸ்ட்டிலிருந்து அதில் நான் திரும்பவில்லை.
எண்பத்தாறு வயது அவருக்கு.
தேவையில்லை என்றீர்களே,
அந்த ஒரு சொல் மட்டும் சரி.
அது அவர் சொன்னது."

என் வாக்கியத்தை வீட்டுக்கு எடுத்துப்போய்
ஏழு நாள் தட்டித் தட்டிக் கேட்டிருக்கிறார்,
எங்கே பொள்ளல் என்று.
கெட்ட பாகத்தை வெட்டி எறிந்துவிட்டு
மிச்சத்தோடு வந்து நிற்கிறார்.
இதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.
நான் எழுதியதை அழித்தேன்.
ரப்பர் துகளை ஊதும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

அப்புறம் சொல்லித்தான் ஆகவேண்டும்:
காத்திருப்போர் பட்டியல் ஏழு மாதம்.
"செப்டம்பர்," என்றார், விரல்விட்டு எண்ணி.
நானும் எண்ணினேன், வேறொரு கணக்கு.
எண்பத்தாறு. கூட ஏழு மாதம்.
என் உதடு அசைந்திருக்க வேண்டும்.
அவர் பார்த்துவிட்டார்.

கவனிக்கும் திறன்:
உண்டு.