காற்று இருக்கும் இடம்

சட்டத்துக்காகத்தான் வாங்கினேன்.
லாங்கு பஜாரில், அக்தர் பாஷா கடையில்,
நூற்றெண்பது சொல்லி நூற்றிருபதுக்கு.
காலண்டரிலிருந்து வெட்டிய வள்ளிமலை முருகனுக்கு
அளவு சரியாக இருந்தது.

உள்ளே ஏற்கெனவே ஒரு செதுக்கோவியம்.
எந்த நாடோ, யார் கையோ,
பெயர் இருந்த ஓரத்தைப் பூச்சி தின்றுவிட்டது.
முக்கால்வாசி இருட்டு.
மேசை, அணைந்த மெழுகுவர்த்தி, கவிழ்ந்த ஜாடி,
ஒரு நாய்,
நாற்காலியில் ஒரு பெண். அவள் கை மட்டும் வெள்ளை.

"சாவு வந்துட்டுப் போன வூடும்மா," என்றார் பாஷா.
"பொகை மேல போவுது பாரு. ரூஹு."
பக்கத்து போர்ஷன் மனோவா சாருக்கு ஜாடிதான் முக்கியம்:
கவிழ்ந்த பாத்திரம் பாவம், நாய் விசுவாசம்,
கையில் விழுவது கர்த்தருடைய ஒளி.
பரீட்சைத் தாள் திருத்துகிறவர்,
எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போட்டுவிட்டார்.

நான் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள்.
இழு, பிடி, விடு.
பதினோரு வருஷமாக இதே மூன்று சொல்,
தமிழில், தெலுங்கில், வங்காளத்தில்.
எங்கள் படத்தில் கறுப்பு என்றால் காற்று.
நெஞ்சு கறுத்துக் கிடந்தால்
டாக்டர் அடுத்த படத்துக்குப் போய்விடுவார்.
வெள்ளையாக ஒரு திட்டு தெரிந்தால்தான்
சேரை இழுத்துப் போட்டு உட்காருவார்.

பழக்கதோஷம்,
படத்தை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தேன்.
செம்பில் கோடு கோடாகக் கீறி,
கீறலில் மையை இறக்கி,
இருட்டைத்தான் ராத்திரி பகலாகச் செய்திருக்கிறார்கள்.
கையில் ஒன்றும் விழவில்லை மனோவா சார்.
அங்கே உளி போகவில்லை.
வெறும் காகிதம் அது.

கத்திரி மூன்றாம் நாள். கரண்ட் இல்லை.
கோட்டை மதிலிலிருந்து காகிதப்பட்டறை வரை
மொட்டை மாடிக்கும் மலைக்கும் வித்தியாசமில்லாத
ஒரே வெள்ளை.
எல்லா ஜன்னலையும் சாத்திவிட்டுத்
தரையில் தண்ணீர் தெளித்துப் படுத்தேன்,
படம் வயிற்றின் மேல்.
கதவிடுக்கில் வந்த ஒற்றைக் கோட்டு வெளிச்சத்தில்
அப்புறம்தான் பிடிபட்டது:

புகை நேராக எழவில்லை.
முதல் சுருள் அவளை விட்டு விலகி வளைகிறது.
உதடு இன்னும் குவிந்திருக்கிறது.
யாரும் வரவில்லை, போகவில்லை.
அவளேதான் ஊதி அணைத்திருக்கிறாள்.
நாய் சும்மா படுத்திருக்கிறது,
தரை குளிர்ச்சி.

ஜாடிக்கு மட்டும் இன்னும் பதில் இல்லை.
முருகன் செல்லோடேப்பில் தொங்குகிறார்.
ஒரு முனை கழன்றுவிட்டது.