மூன்றரை மணி நேரம்

ஹெல்சின்கியிலிருந்து டோக்கியோவுக்கு
ஏழாயிரத்து எண்ணூறு கிலோமீட்டர்.
அது மாறவில்லை.
பூகோள உருண்டையின் மேல் நூலை இழுத்துப் பிடித்து
மூன்று முறை அளந்துவிட்டாள் ஐரி.

நூலுக்கென்ன,
யாரிடமும் அனுமதி கேட்காமல்
சைபீரியாவின் மேல் படுத்துக்கொள்ளும்.
விமானத்துக்கு அந்தச் சலுகை இல்லை இப்போது.
கீழே ஒரு தேசம்
தன் வானத்தைத் தாழிட்டுவிட்டது.
ஒன்பதரை மணி நேரமாயிருந்த வழி
வடதுருவத்தைச் சுற்றிக்கொண்டு
பதின்மூன்று.

நான் டிராம் ஓட்டுகிறவள்.
ஒரு நிறுத்தத்தில் நாற்பது விநாடி கூட நின்றால்
கட்டுப்பாட்டறையிலிருந்து குரல் வரும்.
மூன்றரை மணி நேரத்தை
எந்த நிறுத்தத்தில் போய் ஈடுகட்டுவேன்?

பள்ளி நாட்கள் எனக்கு,
கோடையும் கிறிஸ்துமஸும் கோஹெய்க்கு
என்று நீதிமன்றம் பிரித்துக் கொடுத்தது.
பல் மருத்துவர் செலவு வரைக்கும் எழுதியிருந்தார்கள்.
பயண நேரம் யார் கணக்கில் என்று
பதினோரு பக்கத்தில் ஒரு வரி இல்லை.
ஒன்பதரையாய் இருந்தவரை
யாருக்கும் அது தோன்றவுமில்லை.

கோஹெய் எழுதினான்:
போக வர ஏழு மணி,
வருடத்துக்கு இரண்டு தடவை, பதினாலு.
என் பங்கில் குறைகிறது.
கணக்கில் அவன் என்றைக்கும் கெட்டிக்காரன்.
என் பங்கில்தான் குறைகிறது என்று பதில் போட்டேன்,
அங்கே நள்ளிரவு தாண்டிவிட்டது என்று தெரிந்தே.

வன்டா விமான நிலையம் போகும் வழியில்
பின் இருக்கையில் ரொட்டி தின்றுகொண்டிருந்தவள்
கழுத்தில் பிளாஸ்டிக் உறை,
உறைக்குள் இரண்டு முகவரிகள்,
இரண்டு மொழியிலும் பெயராகச் செல்லுபடியாகும்
அந்தப் பெயர்.
வயது ஒன்பது.

'அது உங்க ரெண்டு பேரோடதும் இல்ல' என்றாள்.
'என்னோடது.'

என்ன செய்வாய் அதை வைத்துக்கொண்டு என்றேன்.
தோளைக் குலுக்கினாள்.
'துருவத்துக்கு நேர் மேலே போறப்ப
எந்தப் பக்கம் பார்த்தாலும் தெற்குதாம்மா.
அங்க மணி என்னன்னு கேட்டேன்,
அந்த அக்காவுக்கும் தெரியல.'
அப்புறம் ரொட்டித் துணுக்கைச்
சீட்டுக்கடியில் தள்ளிவிட்டாள்,
நான் பார்க்கவில்லை என்று நினைத்து.

சீருடைக்காரி ஒருத்தி கையெழுத்து வாங்கிக்கொண்டாள்.
ஐரி திரும்பிப் பார்த்தாளா?
பார்த்தாள் என்றுதான் கோஹெய்க்கு எழுதினேன்.

இரவுப் பணி.
ஈரமான தண்டவாளம், பாதி காலி வண்டி.
ஒரு நிறுத்தத்தில்
கைபேசித் திரையைத் திறந்தேன்.
மேலே வெறும் வெள்ளை.
ஊர் இல்லை, சாலை இல்லை, எல்லைக்கோடு இல்லை.
அதன் நடுவே ஒரு சின்ன மஞ்சள் விமானம்
நகர்கிறதா நிற்கிறதா என்று சொல்ல முடியாதபடி.

ஏறியவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள்.
இறங்கியவர்கள் தெருமுனை திரும்பிவிட்டார்கள்.

குரல் வந்தது:
என்ன தாமதம்?

கதவு சிக்கிக்கொண்டது என்றேன்.