எழுநூறு மில்லி

ஒரு நாளைக்கு எழுநூறு.
ஸ்டான்லி டயாலிசிஸ் வார்டு சிஸ்டர்
கார்டின் பின்பக்கம் சிவப்பு மையில் எழுதி
கீழே இரண்டு கோடு போட்டுக் கொடுத்தது.
காபி, ரசம், மோர், மாத்திரைத் தண்ணி,
தர்பூசணித் துண்டுகூடக் கணக்கில் வரும்.
இருமல் மருந்து மூடியால்
இவருடைய பகலை அளக்கிறேன்.

இவர், ஏனோக்.
ராயபுரம் கோயில் பாடகர் குழுவில்
இருபத்திரண்டு வருஷம் டெனர்.
துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர்.
உயரத்திலிருந்து ஆளைக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை.
இப்போது எங்கள் மூணாம் மாடி ஏறி முடித்தால்
பேச்சுக்கு மூச்சு மிஞ்சுவதில்லை.
செவ்வாய், வியாழன், சனி மெஷினுக்கு.
ஞாயிறு கோயிலுக்கு.

முதல் ஞாயிறு நற்கருணை.
முழங்காலிட முடியாது, நின்றே வாங்குவார்.
வீடு வந்து சட்டையைக் கழற்றும் முன்பே
“பத்து மில்லி, எழுதிக்கோ” என்பார்.
ரசம் ஐம்பது. மோர் நூறு. இரத்தம் பத்து.
என் கையெழுத்தில் அந்த வார்த்தையைப் பார்த்த அன்று
பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

எனக்குக் கோபம்.
யார்மேல் என்று கேட்காதீர்கள்.
பாட்டுப் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு
வாயை மட்டும் அசைப்பேன்,
கரண்ட் போன மைக் மாதிரி.
ஒன்பது மாதம். பக்கத்து பெஞ்சு ரூபவதிக்குத் தெரியும்.
ஒன்றும் கேட்டதில்லை. நல்லவள்.

பெரிய வெள்ளி. பன்னிரண்டிலிருந்து மூன்று.
நீளக் கம்பியில் தொங்கும் ஃபேன்கள்
அனலைப் பிசைந்துகொண்டிருந்தன.
ஏழு வார்த்தைக்கு ஏழு பேர்.
ஐந்தாவதற்கு இவர் பெயர்,
தாகத்தைப் பற்றியதற்கு.
“ஐயருக்கு இரக்கமே இல்லையா?” என்றேன்.
“நான்தான் கேட்டு வாங்கினேன்.”

கையில் காகிதம் இல்லை.
மேடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.
“தொண்டை வத்திட்டா நாக்கு கன்னத்துல ஒட்டிக்கும்.
ராத்திரி ரெண்டு மணிக்குப்
பக்கத்து வீட்டு மோட்டார் ஓடும்.
தொட்டிக்குத் தண்ணி ஏறுற சத்தத்தைப்
படுத்துக்கிட்டே கேட்டுட்டிருப்பேன்.
அவருக்கும் கேட்டிருக்கும்னு நினைக்கிறேன்,
எங்கேயோ ஒரு தண்ணி.
வெட்கப்படாமக் கேட்டாரு.
அதனால எனக்கும் கேக்க வெட்கமில்ல.
அவ்வளவுதான்.”

கோயில் முழுக்க ஒரு பாட்டிலும் திறக்கவில்லை.
முன்வரிசையில் ஒரு பொடியன் மட்டும்
மூடியைத் திருகி மடக் மடக்கென்று குடித்தான்.
அவன் அம்மா கையைப் பிடித்தாள்.
“விடும்மா. குடிடா, குடி” என்றார் இவர்,
மைக்கிலேயே.
சிரித்தார்.
அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை நாளாயிற்று?

ஆர்கனில் கனகமணி டீச்சர் கையை வைத்தார்.
எல்லோரும் எழுந்தார்கள்.
நானும், வழக்கம்போல அசைக்கத்தான் வாயைத் திறந்தேன்.
சத்தம் வந்துவிட்டது.
சுருதி இல்லை. அரைத்தாளம் பிந்தி,
சபை அடுத்த வரிக்குப் போன பிறகும்
முந்திய வரியிலேயே நின்றுகொண்டிருந்தேன்.
ரூபவதி திரும்பிப் பார்க்கவில்லை.
புத்தகத்தை மட்டும் என் பக்கம் நகர்த்தினாள்,
எந்த வரி என்று விரல் வைத்து.

வெளியே வேப்பமரத்தடியில் கஞ்சி ஊற்றினார்கள்.
இவர் ஒரு டம்ளர் வாங்கி
ஊதி ஊதி முழுவதும் குடித்தார்.
நான் கடல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை ஐந்து மணி, எடை பார்க்கும் மெஷின்.
“இருநூறு கூட இருக்கே, என்னம்மா குடிச்சாரு?”
“கோயில் கஞ்சி.”
நன்றாகத் திட்டு விழுந்தது.
இவர் பள்ளிக்கூடப் பையன்போலத் தலையாட்டினார்.

ஊசி ஏறி, இரண்டு குழாயிலும்
சிவப்பு ஓடத் தொடங்கியதும்
கட்டில் கம்பியில் இவர் விரல் தட்டியது.
நாளை விடியற்கால ஆராதனைப் பாட்டு. டெனர் வரி.
மற்றவர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.
குரலைத் தாழ்த்தி
மேல் வரியை நான் எடுத்தேன்.