பனிக்கட்டிக்குள் மெழுகுக்கட்டி

மதுரையிலிருந்து பஸ்ஸில் வந்த கருமலையான்
மீன்பெட்டியைக் கேணிக்கரையில் என் மேசைமேல் வைத்தார்.
உடைத்த ஐஸுக்கு அடியில், மூன்று பாலித்தீன் சுற்றி,
தீப்பெட்டியளவு மெழுகு.
அதற்குள் அவர் மனைவியின் தலையிலிருந்து எடுத்தது,
பாசிப்பயறளவு.
"வெயில்ல உருகிருமோன்னு பயம் டாக்டரம்மா."

உருகாது என்று சொல்லவில்லை.
வெட்டுமுன் நாங்களும் ஐஸில்தான் வைப்போம்,
அதைச் சொன்னேன்.
தொழில் தெரிந்தவராய் ஒரு கணம் நிமிர்ந்தார்.

நம்புமாரி, நாற்பத்து மூன்று, சின்னப்பாலம்.
காலில் தகடு, விரலில் துணி, இடுப்பில் சாக்கு,
மரிக்கொழுந்துப் பாசிக்குப் பாறையடியில் முங்குகிறவள்.
மாசியில் ஒருநாள் மேலே வந்தவள்
கரைக்கு முதுகு காட்டி நீந்தினாளாம்.
"கூப்பிட்டோம். சிரிச்சுக்கிட்டே போறா,
தலைமன்னாருக்குப் போறவ மாதிரி."

நைனா வெட்டினான். நாலு மைக்ரான்.
வெந்நீர்த் தட்டில் ஒன்றையொன்று பிடித்தபடி
நாடாவாய் மிதந்தன துண்டுகள்.
கண்ணாடியை அடியில் சாய்த்து ஏந்த வேண்டும்.
குமிழ் சிக்கினால் போச்சு.

லென்ஸில் எல்லை கோடு போட்டாற்போல்.
இந்தப் பக்கம் மூளை, இழையிழையாய்.
அந்தப் பக்கம் சுரப்பிகள், வட்டம் வட்டமாய்க் கூடி.
மூளையில் சுரப்பிக்கு என்ன வேலை?
வேறெங்கோ பிறந்து ரத்தத்தில் ஏறி வந்தது.
எண் அழிந்த வள்ளம் ஒதுங்கினால்
ஆணியை, முடிச்சைப் பார்ப்பார்கள்.
எனக்குச் சாயம்.

மூளைக்கான சாயத்தில்
சுற்றுப்புறம் பழுத்தது, கட்டி வெளிறியே கிடந்தது.
மார்பகத்துக்கானது பிடிக்கவில்லை.
வியாழக்கிழமை, கடைசித் தகட்டில்,
உட்கரு ஒவ்வொன்றும் கருப்பட்டி நிறம்.

நுரையீரல்.

மார்புப் படத்தில் ஒரு நிழல் இருந்திருக்கிறது.
பழைய காசத் தழும்பு என்று எழுதியிருந்தார்கள்.

"ஒரு மூச்சுல ஒன்றரை நிமிசம் நிப்பா" என்றார்.
"பீடிப் புகைகூட ஆகாது அவளுக்கு."
பிறகு, "அந்த நெஞ்சுலயா?"
ஆமாம் என்றேன். அதற்கு மேல்
நல்ல சொல் ஒன்றும் தமிழில் அகப்படவில்லை.

மெழுகைத் திருப்பிக் கொடுத்தேன்.
சென்னைக்கு இன்னொரு சோதனைக்கு அனுப்ப வேண்டும்,
மரபணு பொருந்தினால் மாத்திரை உண்டு.
"பொருந்தலேன்னா?"
"முதல்ல அனுப்புவோம்."

எதிரே சர்பத் கடையில் பத்து ரூபாய்க்கு ஐஸ் வாங்கி
மறுபடி அதைப் புதைத்து மூடினார்,
மூடி சரியாக உட்காரும்வரை இரண்டுமுறை தட்டி.
சன்னலிலிருந்து பார்த்தேன்.
இப்போதும் சொல்லவில்லை.