பதினோரு வினாடி

திருச்செங்கோட்டில் இறங்கும்போதே
காதில் இரும்பு.
மலையைப் பார்த்தபடி ரிக் வண்டிகள்:
ஒன்று ராய்ப்பூருக்கு, ஒன்று ஜோத்பூருக்கு,
ஒன்றைக் கழற்றிப் பெட்டியில் அடுக்குகிறார்கள்
சாம்பியாவுக்கு.

நான் படிவம் நிரப்புகிறவள்.
காப்புரிமை அலுவலகத்துக்கு
எப்படிச் சொன்னால் ஏறுமோ
அப்படிச் சொல்வது என் பிழைப்பு.

நாச்சிமுத்து சொன்னது இவ்வளவுதான்:
"அறுநூறு அடியில ராடு மாத்தறப்போ
காத்து நின்னுபோகுமுங்க அம்மிணி.
சேறு திரும்பி ஹேமருக்குள்ள ஏறிக்கும்.
பால் வண்டி ட்யூப்பை வெட்டி
நாக்காட்ட ஒண்ணு வெச்சுட்டனுங்க.
காத்து போறப்பத் தொறக்கும்,
சேறு வர்றப்ப மூடிக்கும்."

நான் எழுதினேன்:
"ஒரு முனை பிணைக்கப்பட்டதும்
மறுமுனை நெகிழ்வதுமான
மீள்தன்மையுள்ள தகட்டினைக் கொண்டிருப்பதைச்
சிறப்பியல்பாக உடைய…"
பதினான்கு வரிக்கு ஒரே முற்றுப்புள்ளி.
வாசித்துக் காட்டினேன்.
"இதைய நானா செஞ்சேன்?" என்றார்.

படிவத்தில் இரண்டு கட்டங்கள்.
விண்ணப்பதாரர்: பட்டறை முதலாளி செங்கோட்டுவேல்.
கண்டுபிடித்தவர்: நாச்சிமுத்து.
மலைமேல் இருப்பவர்
ஆளுக்குப் பாதி என்று முடித்துக்கொண்டார்.
கீழே
பங்கு பேசவே ஆறு வாரம்.
பேச்செல்லாம் டீக்கடையில்.

மூன்றாம் வருடம் அறிக்கை வந்தது.
கிண்டியில் தேடத் தெரிந்த யாரோ ஒருவர்
கண்டெடுத்திருந்தார் ஒரு வீடியோவை.
பள்ளிபாளையத்துப் பையன்
அதே டீக்கடை பெஞ்சில் எடுத்தது.
பதினோரு வினாடி.
முகம் இல்லை.
ஒரு கை ரப்பரை வளைக்கிறது, விடுகிறது,
இன்னொரு முறை வளைக்கிறது.
கட்டைவிரலில் பாதி நகம் இல்லாத கை.
நாங்கள் மனுப்போட்ட தேதிக்கு
நான்கு நாள் முன்பு.

முன்பே வெளியானது.
ஆகவே புதிதல்ல.

"அது என்ற கைதானுங்களே!"

தன் கையே தனக்குதவி என்பார்கள்.
சட்டத்தில் அதற்கு வேறு பொழிப்பு.

அதற்குள் அந்த ரப்பர் நாக்கு
ஊரின் எல்லா ஹேமருக்குள்ளும் பேசத் தொடங்கியிருந்தது.
இங்கே நானூற்றைம்பது ரூபாய்,
சங்ககிரிப் பக்கம் முந்நூறு.
போர் ஒன்றுக்கு அரை நாள் மிச்சம், டீசல் மிச்சம்.
பெட்டியில் போகும் வண்டிகள் கூடின.
செங்கோட்டுவேல் இரண்டாவது ஷெட் போட்டார்,
எதிர்த்த பட்டறைக்காரர் மூன்றாவது.
சாம்பியாக்காரர் மட்டும் போனில் கேட்டார்
பேட்டன்ட் நம்பர் என்ன என்று.
எண் போட்ட வேறொரு நாக்கு
மூன்று மடங்கு விலையில்
அங்கே வந்திறங்கிவிட்டதாம்.

கோவையில் ஒரு கருத்தரங்கு.
திரையில் இரண்டு கோடுகள்,
காப்புரிமை ஏற, ஏற்றுமதி ஏற,
கைகோத்துக்கொண்டு வலது மூலைக்குப் போயின.
எது எதை இழுத்துப் போகிறது
என்று கேட்க எழுந்தேன்.
சாப்பாட்டுக்கு மணியடித்துவிட்டது.

போன வாரம் நாச்சிமுத்து தனியாக வந்தார்.
துண்டில் சுற்றிய ஏதோ ஒன்று.
மேசையில் வைக்கவில்லை,
மடியிலேயே வைத்திருந்தார்.
கதவைச் சாத்தச் சொன்னார்.
என் செல்போனைப் பார்த்தார்.
கவிழ்த்து வைத்தேன்.

"யாருகிட்டயும் சொல்லமாட்டீங்கன்னு
மொதல்ல ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுங்க அம்மிணி.
அப்புறம் அவுக்கறனுங்க."

போட்டேன்.
தேதியையும் எழுதச் சொன்னார்.
மணியையும்.

டீ சொல்லட்டுமா என்றேன்.

"வேண்டாமுங்க."