காற்றுவரி

பகலில் நான் மின்கணக்கு எடுப்பவன்.
தக்கலை, கேரளபுரம், வில்லுக்குறி.
வாசல்தோறும் நாய், நாய்க்குப் பின்னால் மீட்டர்.
இரவில் ஒரு ராஜாவை வரைந்துகொண்டிருந்தேன்.
மலைக்கணவாயில் கதவு போட்டு
உள்ளே நுழையும் காற்றுக்கெல்லாம் வரி கேட்பவன்.
அவ்வளவுதான் இருந்தது என்னிடம்:
ஒரு கதவு, ஒரு ராஜா, எட்டு மீசை மாதிரிகள்.

பிரைசிதான் கேட்டாள்.
பஸ் ஸ்டாண்டு ஜெராக்ஸ் கடையில் வேலை,
காமிக்ஸில் பேச்சுக்குமிழி அவள் பொறுப்பு.
“செரி, வரி கெட்டாதவன் வீட்டுல
துணி எப்படி உணங்கும்?”

ராஜா அன்றே சின்னவனாகிப் போனான்.
ஓர் ஈரச்சட்டையைச் சுற்றி
தேசம் முளைக்கத் தொடங்கியது.
அங்கே வாழையிலை முழுசாக நின்றால் ஏழை வீடு,
நார்நாராய்க் கிழிந்து தொங்கினால் சொத்துக்காரர்.
பெண் பார்க்க வருகிறவர்கள்
நேரே கொல்லைக்குப் போய் இலையைப் பார்ப்பார்கள்.
காயாத சட்டையோடு பள்ளிக்கு வரும் பிள்ளைக்கு
மணத்தை வைத்தே பெஞ்சு ஒதுக்குவார்கள்.
இதை எழுதிய பிறகு
நாங்கள் இருவரும் கொஞ்சநேரம் பேசவில்லை.

காற்றை வரைய முடியாது.
அது தொட்டுவிட்டுப் போனதைத்தான் வரையலாம்.
ஆறு மாதம் கணக்கு அட்டைகளின் பின்புறத்தில்
ஊராரின் கொடிக்கயிறுகளை வரைந்தேன்:
வேட்டி, நைட்டி, ஜோடி தொலைத்த காலுறை.
“மீட்டரப் பாக்க வந்தியா, துணியப் பாக்க வந்தியா?”
வில்லுக்குறியில் ஒரு வீட்டில் துடைப்பம் எடுத்தார்கள்.

கதாநாயகிக்கு ஏலாவதினி என்று பெயர் வைத்திருந்தேன்.
“குமிழிக்குள்ள கொள்ளாது. தங்கபாய்னு வை.”
தங்கபாய்க்கு ஐம்பத்திரண்டு வயது, மூட்டுவலி.
சைக்கிள் டியூபில் காற்று கடத்துகிறாள்,
மாலைபோல் கழுத்தில் போட்டு
மேலே முந்தானை மூடி.

நாகர்கோவில் அச்சகத்தில் கணக்கு சொன்னார்கள்:
முந்நூறு பிரதி, உள்ளே கறுப்பு வெள்ளை,
பக்கம் நாலின் மடங்காக வேண்டும்.
எங்களிடம் நாற்பத்தொன்பது.
சந்தைக் காட்சியை வெட்டலாம் என்றாள் அவள்.
நான் ராஜாவின் கனவை என்றேன்,
பிறகு அதற்கும் மனம் வரவில்லை.
மூன்று வாரம்
குமிழிபோல் வெட்டிய சீட்டுகளில் மட்டும்
பேசிக்கொண்டோம்.

ஆடி ஞாயிறு ஒன்றில்
ஆரல்வாய்மொழிக்குப் பஸ் ஏறினோம்.
கடைசியில் கதவு திறக்கும்போது
என்ன சத்தம் எழுதுவது?
‘விர்ர்’ என்றால் ஆட்டோ,
‘உய்ய்’ என்றால் விசில்,
‘ஹூ’ எல்லாக் கதையிலும் வருகிறது.
கேட்டு எழுதிவிடலாம் என்று போனது.

காற்றாலைக்குக் கீழே கோப்பைத் திறந்தேன்.
கிளிப் விட்டது.
பிரைசி குப்புற விழுந்து
மொத்தத்தையும் வயிற்றால் அமுக்கினாள்.
ஒரே ஒரு தாள் மட்டும்
முள்வேலி தாண்டி, பனை தாண்டி,
சுழலும் இறக்கைகளுக்கு ஊடே எழும்பி
முப்பந்தல் பக்கம் போயிற்று.

மண்ணைத் துப்பிவிட்டுச் சொன்னாள்:
“வரி எடுத்தாச்சு.”

போனது சந்தையுமில்லை, கனவுமில்லை.
இருபத்திரண்டாம் பக்கம்.
காவலர் முன்னால் தங்கபாய் சோதனைக்கு நிற்பது.
நான் வரைந்ததில் அதுதான் உருப்படி.
இப்போது இருபத்தொன்றில் அவள் கதவுக்கு அந்தப் பக்கம்,
இருபத்துமூன்றில் இந்தப் பக்கம்
டியூபோடு
மூச்சு வாங்கிக்கொண்டு.

திரும்ப வரைகிறேன் என்றேன் பஸ்ஸில்.
“அவ எப்படிக் கடந்தாண்ணு
நமக்கே தெரியாட்டா,
காவல்காரனுக்கு மட்டும் எப்படித் தெரியும்? விடு.”
மடியில் பரீட்சை அட்டை, கையில் வெள்ளை மை.
இருபத்துமூன்றை இருபத்திரண்டாக்கினாள்,
இருபத்துநாலை இருபத்துமூன்றாக்கினாள்.
வெள்ளமடம் வளைவில் ஓர் எட்டு
சாய்ந்து படுத்துவிட்டது.

சத்தத்தை எழுதிக்கொள்ள
இருவருமே மறந்திருந்தோம்.